கேபிளை வெட்டும் முன் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்!



திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். வீட்டைக் கவனிப்பதுதான் என் வேலை. என் கணவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல் வேலை செய்கிறார். மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது படிக்கிறார்கள். எழுபத்திரண்டு வயதான என் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். சிக்கனம் என்று நினைத்து அவசரமாக நான் செய்த ஒரு காரியத்தையும், அதில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். என்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு உதவியாக இருக்கும்.

கல் வேலையில் ஆர்டர் வந்தால்தான் கூலி. இந்தக் கோடையில் வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வேறு. ஒரு ராத்திரி நானும் அவரும் உட்கார்ந்து பால், கேஸ், கரண்ட் பில், சீட்டு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். கேபிள் டி.வி. மாசம் 310 ரூபாய் என்று எழுதியதும், "வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது பாரு" என்றார். பெருக்கிப் பார்த்தேன். 3,720 ரூபாய்!

மகளுக்கு மாமல்லபுரத்தில் இருக்கும் அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. உளிச் சத்தத்திலேயே வளர்ந்த பெண். 'இந்தப் பணம் அவள் படிப்புக்கு ஆகுமே' என்று எனக்குத் தோன்றியது. "கேபிளை நிறுத்திடலாங்க" என்று சொன்னது நான்தான். பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் முனகின. அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆன்டெனா இனி உதவாது

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தாய்வீட்டில் டி.வி.க்கு மாசக் கட்டணம் என்பதே கிடையாது. கூரைமேல் ஒரு ஆன்டெனா. காற்றடித்தால் தம்பி ஏறித் திருப்புவான். கீழே இருந்து நாங்கள், "வருது, வருது... போச்சுடா!" என்று கத்துவோம். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்த சென்னைத் தொலைக்காட்சிதான் அப்போது எங்களுக்குத் தெரிந்த டி.வி.

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கேபிள் ஒயர் மரத்துக்கு மரம் ஓடி வந்தது. 2006ல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போதெல்லாம் கேபிள் கட்டணம் ஒரு செலவாகவே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி எங்கள் வீட்டில் எப்படி 310 ஆனது என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"பழையபடி ஆன்டெனாவே கட்டிடலாமே" என்றார் என் கணவர். விசாரித்ததில், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பழைய ஆன்டெனாவுக்கு ஒளிபரப்பிய கோபுரங்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷன் 2022க்குள் நிறுத்திவிட்டதாம். யாராவது உங்களிடம் ஆன்டெனா விற்க வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

இலவச டிஷ் போட்டோம்

அடுத்து விசாரித்தது டி.டி. ஃப்ரீ டிஷ். இது பிரசார் பாரதி நடத்துவது. 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டிவிட்டால் மாசக் கட்டணமே இல்லை. கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது! செங்கல்பட்டுக்குப் போய் ஒரு கடையில் வாங்கினோம். மாட்டுக்கூலியோடு 1,800 ரூபாய் ஆனது.

மாட்ட வந்த பையன், டிஷ் தென்கிழக்குப் பார்த்து, வானத்தை நோக்கி நன்றாக நிமிர்ந்து இருக்க வேண்டும் என்றான். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை மறைத்தது. அதனால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மாற்றிக் கட்டினான். பலத்த மழை பெய்தால் படம் உடைந்து உடைந்து வரும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டான். சதுரங்கப்பட்டினத்தில் கடலோரம் இருக்கும் என் நாத்தனார், "உப்புக்காத்துல ஸ்க்ரூ எல்லாம் துருப்புடிச்சிடும் அண்ணி, வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிச்சிடுங்க" என்றார். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

படம் பளிச்சென்று வந்தது. டி.டி. தமிழ் வந்தது. பொதிகை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதற்குத்தான் 2024 ஜனவரியில் இந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் தள்ளிக்கொண்டே போனால் இந்தி, போஜ்புரி, இந்தி! நாங்கள் போட்ட நாளில் தமிழில் வந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. அத்தை தினம் கேட்கும் சீரியல் வரும் சேனல் அதில் இல்லை.

"போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிக் கேபிள்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அத்தை விழுந்தார்

அத்தை சண்டை போடவில்லை. "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கும்மா டி.வி." என்றார், அவ்வளவுதான். முதல் நாலு நாள் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி சாப்பாட்டையும் பாதியில் வைத்தார். வயசாகிவிட்டது, பசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து ஏழு மணிக்குக் கோலை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவர்களும் நல்ல மனுஷர்கள், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஒரு நாள் அங்கிருந்து திரும்பி வரும்போது இருட்டில் வாசற்படி தெரியாமல் விழுந்துவிட்டார்.

எலும்பு முறியவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். கணுக்கால் பிசகி, வீங்கி, இருபது நாள் நடக்க முடியவில்லை. ஆட்டோ, எக்ஸ்ரே, மருந்து என்று 1,400 ரூபாய் ஆனது. பணம் போனால் போகிறது. காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "எதுக்கு அத்தை இருட்டுல போனீங்க? அந்த சீரியல் ஒரு நாள் பாக்கலன்னா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் எங்கம்மா பாக்கறேன், கேக்கறேன். கண்ணு போன பொறவு நாலு மனுஷங்க பேசறது என் காதுல விழறதே அதுலதான். நீங்கல்லாம் ஆளுக்கொரு போனைப் பாத்துக்கினு கம்முனு கெடக்கறீங்க."

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. 310 ரூபாயை யார் செலவு செய்கிறார்கள் என்றே தெரியாமல் நான் வெட்டியிருக்கிறேன். வெட்டு விழுந்தது, வாய் திறந்து கேட்காதவர் மேல்.

இருபது ரூபாய் நோட்டு

அடுத்த நாள் கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பழையபடி இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. மகன் வாங்கி வைத்திருந்த 20 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, டி.வி. பக்கத்தில் பேனாவோடு கட்டித் தொங்கவிட்டேன். யார், எந்த நேரம், எந்தச் சேனல் என்று ஒரு வாரம் எழுத வேண்டும். அத்தைக்காக மகள் எழுதினாள்.

ஒரு வாரம் முடிந்து பார்த்தால், தினம் சராசரியாக ஒன்பது மணி நேரம் டி.வி. ஓடியிருக்கிறது. அதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் யாருமே பார்க்கவில்லை! காலையில் போட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அத்தை காலையில் அரை மணி பக்திப் பாட்டு, சாயங்காலம் இரண்டு சீரியல். என் கணவர் ராத்திரி செய்தி மட்டும். மகன் கார்ட்டூன் ஒரு மணி நேரம். மகள் டி.வி. பக்கமே வரவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை பழைய படம் பார்த்தது யார் என்றால், நான்தான்! 'எனக்கு எங்கே நேரம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தில் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

எத்தனை சேனல் தொட்டிருக்கிறோம் என்று எண்ணினேன். இருநூற்றுக்கு மேல் வரும் பெட்டியில் நாங்கள் பார்த்தது ஆறே ஆறு. அதிலும் காசு கட்டிப் பார்க்க வேண்டிய சேனல் இரண்டுதான். செய்திச் சேனல்களில் பலவும் இலவசச் சேனல்கள்.

அப்போதுதான் 2019 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் டிராய் அமைப்பின் புது விதி வந்தது. வேண்டிய சேனலை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை போட வேண்டும் என்பது அந்த விதி. கேபிள்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து, "எந்தெந்தச் சேனல் வேணும்னு டிக் அடிச்சிக் குடுங்கக்கா" என்றார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "நீங்களே எதையாவது போட்டுடுங்கண்ணா" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு பெரிய பேக்கைப் போட்டார். அத்தனை வருஷமாகக் கட்டியது அந்தக் குழம்புக்கு! தப்பு அவர்மேல் இல்லை, என்மேல்தான்.

கட்டணக் கணக்கு இதுதான்

கேபிள் பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2019ல் வரம்பு இருந்தது. 2020 மார்ச்சிலிருந்து அந்தத் தொகைக்கே 200 சேனல் தர வேண்டும் என்றார்கள். 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி கட்டணம் மாறலாம். கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கேபிள்காரரிடம் நோட்டைக் காட்டி, "அண்ணா, பேக் வேண்டாம். அடிப்படையும் இந்த ரெண்டு சேனலும் மட்டும் போடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அடிப்படை 130, அத்தையின் சேனல் 19, மகனின் கார்ட்டூன் 6, ஆக 155. வரியோடு 182 ரூபாய் 90 காசு. மாசம் 127 ரூபாய் மிச்சம். அத்தையின் சீரியலில் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை.

"போனிலேயே எல்லாம் வருதே, கேபிளே எதுக்கு?" என்று கேட்பீர்கள். என் மகளும் அதைத்தான் கேட்டாள். செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரடியாகவே வருகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் ஆரம்பித்த 'வேவ்ஸ்' செயலியும் இருக்கிறது. 2019ல் தமிழக அரசு ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன. மகள் கணக்குப் பாடம் அதில்தான் பார்க்கிறாள். ஆனால் சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலே 1 ஜி.பி. வரை டேட்டா போய்விடும். தினம் ஒன்றரை ஜி.பி. வரும் எங்கள் ரீசார்ஜில் ஒருவர் சீரியல் பார்த்தால் இன்னொருவருக்குப் பாடம் இல்லை. பணம் கட்டிப் பார்க்கும் செயலிகளுக்குத் தனிச் சந்தா வேறு. வீட்டில் ஏற்கெனவே வைஃபை இருப்பவர்களுக்கு, எல்லோரும் போன் பழகியவர்களாகவும் இருந்தால், அதுவே மலிவு. எங்களைப் போல டேட்டாவை எண்ணிச் செலவு செய்பவர்களுக்கும், தடவிப் பார்த்து பட்டன் அழுத்தும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் அது ஒத்துவராது.

பரணில் இருந்த ரேடியோ

இன்னொரு விஷயமும் நோட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. அத்தைக்குக் காலையில் வேண்டியது பாட்டு. அதற்கு டி.வி. எதற்கு? 2022 டிசம்பர் 9ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லை, கேபிள் ஒயர் அறுந்து தெருவில் கிடந்தது. அன்றைக்கு மாமனாரின் பழைய டிரான்சிஸ்டர்தான் எங்களுக்குச் செய்தி சொன்னது. அதற்கப்புறம் பரணில் போட்டுவிட்டோம். இப்போது இறக்கித் துடைத்து, புது பாட்டரி போட்டு அத்தையின் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். காலையில் அவரே திருப்பிக்கொள்கிறார். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் பார்க்காமல் டி.வி. ஓடுவதும் நின்றது.

அவசரப்பட்டு வாங்கிய ஃப்ரீ டிஷ் வீண் போகவில்லை. காற்றில் கேபிள் போய்விடும் நாளில் கைகொடுக்கிறது. டி.டி. தமிழில் நல்ல கச்சேரியும் வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த 1,800 ரூபாயை மாசம் 127 ரூபாய் மிச்சத்தில் எடுக்கப் பதினாலு மாசம் ஆகும். முதலில் நோட்டைப் போட்டிருந்தால் அந்தச் செலவும் இல்லை, அத்தை விழுந்த வேதனையும் இல்லை.

அப்படியும் மிச்சத்தில் 100 ரூபாயைத் தபால் ஆபீசில் மகள் படிப்புக்காக ஆர்.டி. போட ஆரம்பித்துவிட்டேன். மாசம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். ஐந்து வருஷத்தில் 6,000 ரூபாயும் வட்டியும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் யார் வாயையும் கட்டாமல் சேர்த்தது.

கேபிளை நிறுத்த நினைப்பவர்களுக்கு

சகோதரிகளே, என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். கேபிளை நிறுத்தும் முன் பேக்கைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஃப்ரீ டிஷ் போடுவதாக இருந்தால், அது வைத்திருக்கும் வீட்டுக்குப் போய் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, உங்கள் வீட்டுப் பெரியவர் பார்க்கும் நிகழ்ச்சி வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேபிள் பெட்டி பல இடங்களில் நமக்குச் சொந்தம் கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போது ரிமோட், ஒயரோடு கொடுத்து, எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கி வையுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவரை முதலில் கேளுங்கள்.

இப்போது சாயங்காலம் சீரியல் நேரத்தில் நான் காய் நறுக்கும் பலகையை அத்தை பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன். யாரும் பேசாமல் வெறும் இசை மட்டும் வந்தால், "இப்ப இன்னாம்மா ஆவுது?" என்று கேட்பார். "மருமக கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டா அத்தை" என்பேன். "அட, நாசமாப் போறவளே!" என்று அவர் திட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். ராத்திரி சோற்றை இப்போது மிச்சம் வைப்பதில்லை.

உங்கள் வீட்டில் என்ன கணக்கு வருகிறது என்று நீங்களும் எழுதிப் பாருங்களேன்!

– ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்.